சமத்துப் புரதம்

எலிகள் லீவு கேட்பதில்லை. அந்தப் புகார்க் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கோகிலவாணிக்கு அது உறைத்தது.

பெருமாநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு பெரிய ஆடை நிறுவனத்திலிருந்து வந்த கடிதம். பெயருக்குக் கீழே 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று அச்சிட்டிருந்தது. "தாங்கள் கடைசியாக அனுப்பிய நாற்பது குப்பிகளும் வேலை செய்யவில்லை. மாதம் ஒருவர்கூட லீவு கேட்காத இடத்தில், இந்த வாரம் மட்டும் ஒன்பது பேர் காய்ச்சல் என்று லீவு கேட்டுவிட்டார்கள். உடனடியாக மாற்றித் தரவும்." எழுதியவர் புது ஆளாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்த யாரும் இப்படிப் பச்சையாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கோகிலவாணிக்கு வயது நாற்பத்து மூன்று. கோவை கீரணத்தத்தில் இருந்த துளிர்மா பயோ என்ற சிறிய நிறுவனத்தில் பதினோரு வருடங்களாகத் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்து வந்தாள். அவள் கையெழுத்து விழாமல் ஒரு குப்பி வாசலைத் தாண்டாது. அங்கே தயாரானவை மனிதப் புரதங்கள். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்குச் சேதி சொல்லும். அந்தச் சேதியைச் சுமந்து போவது புரதம். அதற்குரிய மனித மரபணுவை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால், தனக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் புரதத்தைப் பாக்டீரியா அலுக்காமல் செய்து தரும். பிரித்து, சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தி, கடுகளவு வெள்ளைத் தூளாகக் குப்பியில் அடைப்பார்கள். வாங்குவது கல்லூரிகளும் ஆராய்ச்சிக்கூடங்களும். ஒவ்வொரு குப்பியிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

புகார் வந்த புரதத்துக்குப் பட்டியலில் ஓர் எண் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் அதைச் 'சமத்து' என்றே சொன்னார்கள். மூன்றரை வருடங்களுக்கு முன் முதல்முறை அதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது வந்த பெயர். கிருமி ஏற்றிய எலி மூலையில் சுருண்டுகொள்ளும், தீனியை முகர்ந்துகூடப் பார்க்காது. சமத்து கொடுத்த எலியோ அதே கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு தின்றது, சக்கரத்தில் ஏறி ஓடியது. 'என்ன சமத்துப் பாரு!' என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நிறுவனர் சதானந்தத்தின் அறைக்குப் போனாள். அறுபது வயதுக்காரர். இந்தப் புரதத்தை வடிவமைத்ததே அவர்தான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"குப்பியில ஏதாவது பிரச்சினையா?"

"கூரியர் குடோன்ல ரெண்டு நாள் கெடந்திருக்கு சார். ஐஸ் உருகி, வெயில்ல கெட்டுப் போயிருக்கும். அது பெருசில்லீங்க. லீவு கேட்டது யாருன்னு எழுதியிருக்காங்க பாருங்க."

அவர் மறுபடி படிக்கவில்லை. "வழக்கம்போல நேர்ல போய், பிரிக்காத குப்பியெல்லாம் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. மாத்து அனுப்பிடலாம். வேற எதுவும் கேட்க வேண்டாம் கோகிலவாணி."

அவள் மறுநாள் காலையில் போனாள். கேட்கத்தான் போனாள்.

ஆராய்ச்சிப் பிரிவு என்று அங்கே எதுவும் இல்லை. வாசல் காவலாளி, "மருந்து விஷயமுங்களா? நர்ஸம்மாவைப் பாருங்க" என்று தையல் கூடத்தை ஒட்டியிருந்த முதலுதவி அறையைக் காட்டினான். இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு சின்னக் குளிர்பதனப் பெட்டி. கட்டில்களின் மேல் புது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. நர்ஸ் ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"மருந்துக் கம்பெனியில இருந்தா வாரீக? நல்லதாப் போச்சு மேடம். போன வாரம் வந்த ஸ்ப்ரே சுத்தமா கேக்கல. பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்துட்டு."

"என்ன ஸ்ப்ரே?"

ஜெசிந்தா பெட்டியைத் திறந்து காட்டினாள். மூக்கில் அடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் புட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் எந்த எழுத்தும் இல்லை. "காலையில வேலைக்கு ஏறுமுன்ன ஆளுக்கு ரெண்டு தடவை. ரெண்டு வருஷமா நான்தான் அடிச்சு விடுதேன். எதிர்ப்புச் சக்திக்குன்னு மேல சொன்னாவ. இவளுவ தெம்பு மருந்தும்பாளுவ. இருநூறு பேர் மேடம். ரெண்டு வருஷத்துல இந்தக் கட்டில்ல ஒருத்தி படுத்ததில்ல."

கோகிலவாணி கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஜெசிந்தா அதைத் திருப்பிச் சிவப்பு எழுத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதுவா அது?"

"இதுதானுங்க. மேல இருக்கறவங்க யாரோ இதைக் கரைச்சுப் புட்டியில ஊத்தி உங்ககிட்டக் குடுத்திருக்காங்க."

"விஷமா மேடம்?"

"விஷமில்லீங்க. அதுதான் சிக்கலே." எப்படிச் சொல்வதென்று கோகிலவாணி யோசித்தாள். "காய்ச்சலைக் கிருமி குடுக்கறதில்லீங்க. நம்ம மூளைதான் குடுக்குது. உள்ள கிருமி புகுந்துருச்சுன்னு ரத்தத்துல இருந்து சேதி போகும். மூளை அதைக் கேட்டுட்டுப் படு, போத்திக்கோ, சோறு வேண்டாம், வெளிய போகாதன்னு சொல்லும். அந்தச் சேதி போற கதவுல இந்தப் புரதம் போய் உக்காந்துக்கும். ரத்தம் கத்திட்டே இருக்கும். மூளைக்குக் கேக்காது."

"அப்போ கிருமி?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

ஜெசிந்தா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் தேநீர் மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கல்வராயன் மலைப்பக்கத்துக்காரி, பொன்னுருவி என்று பெயர். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். விரலில் ஊசி ஏறிவிட்டதென்று பிளாஸ்திரி கேட்டு வந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. ஆனால் நடையிலும் பேச்சிலும் அப்படியொரு சுறுசுறுப்பு.

"தெம்பு மருந்து புதுசு வந்துடுச்சா நர்ஸக்கா? போன வாரம் என்ன பாடு! மிஷின்ல உக்கார முடியல. முதுகெல்லாம் கழண்டு போற மாதிரி."

"இப்ப எப்படி இருக்கு?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"பழைய புட்டியில மிச்சமிருந்ததை நேத்து அடிச்சுக்கிட்டேன் மேடம். இப்ப ஒண்ணுமில்ல."

"இந்த மருந்து பிடிச்சிருக்கா உனக்கு?"

பொன்னுருவி இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "பிடிக்காம? இதுக்கு முன்ன மாசத்துல மூணு நாள் படுத்துடுவேன். ஒரு மாசம் லீவு போட்டா அடுத்த மாசம் வேற ஆள் எடுத்துடுவாங்க. இப்ப எல்லாருமே நல்லாத்தான் இருக்கோம். செண்பகம் ஒருத்திதான் பாவம்."

"செண்பகம் யாரு?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுருவிதான் சொன்னாள். பக்கத்து மிஷின்காரி. போன ஆடி மாதம். அன்று பகல் முழுக்கத் தைத்தாள், தன் தம்பி கல்யாணத்தில் பந்தல்காரன் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள், தேநீர் குடித்தாள். வேலை முடிந்து பேருந்துக்குப் போகிற வழியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"மாரடைப்புன்னு இங்க சொன்னாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு, நுரையீரல் பூரா சளி கட்டியிருக்கு, பத்து நாளா இந்தப் பொண்ணு எப்படி நடமாடுச்சுன்னு கேட்டாராம். அவ ஒரு வார்த்தை சொல்லலியே மேடம், எங்ககிட்ட."

ஒரு சொட்டு ரத்தம் தருவாயா என்று கோகிலவாணி கேட்டாள். எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பொன்னுருவி தோளைக் குலுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். "எடுத்துக்கோங்க. நான் நல்லாத்தான் இருக்கேன், பாருங்க." அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஜெசிந்தாவே எடுத்துக் கொடுத்தாள். ஒருத்திக்கும் இரண்டாம் முறை குத்த வேண்டியிருக்கவில்லை.

மதியம் ஆய்வகத்துக்குத் திரும்பியதும் கோகிலவாணி சோதனையை ஆரம்பித்தாள். உடம்பில் எங்கேயாவது கிருமியோடு சண்டை நடந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். நலமாக இருப்பவருக்கு ஐந்துக்குள் இருக்கும். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் ரத்த நீரை விட்டு மருந்து சேர்த்தால், அந்தப் புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மஞ்சள் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். வழக்கமாகக் குளிர்பெட்டியில் இருக்கும், அன்று தீர்ந்துபோயிருந்தது. அவள் தன் கையிலிருந்தே எடுத்துக்கொண்டாள். மூன்று வருடங்களாக ஒரு நாள்கூட நோயென்று படுக்காதவள். அதற்காகப் போன பொங்கலுக்கு நிறுவனம் சால்வை போர்த்தியிருந்தது. தன்னைவிட ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது?

அரை மணியில் தட்டு நிறம் மாறியது. ஆறு பெண்களின் குழிகளும் மஞ்சளாயின. எதிர்பார்த்ததுதான். பொன்னுருவியின் குழி எலுமிச்சைத் தோல்போல அடர்ந்திருந்தது. தண்ணீரைப் போல வெளுத்திருக்க வேண்டிய ஏழாவதும் மஞ்சளாக இருந்தது.

குழாயை மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி கையில் குத்தி, குழாயில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, முதலிலிருந்து செய்தாள். பொன்னுருவிக்கு நூற்று முப்பது. மற்றவர்களுக்கு இருபதிலிருந்து எழுபதுவரை. கோகிலவாணிக்கு அறுபத்திரண்டு.

தட்டைக் கையில் வைத்தபடி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தூள் அறையைப் பார்த்தாள். சமத்துத் தூள் பஞ்சைவிட லேசானது. எடை போடும்போது மூச்சுக்காற்றுக்கே பறக்கும். முகமூடி போட்டிருந்தாலும் வேலை முடிந்து கழற்றும்போது மேலுதட்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். துடைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள். மூன்று வருடமாக.

முதலில் ஜெசிந்தாவுக்குத்தான் போன் செய்தாள். "பொன்னுருவியை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வரமாட்டேன்னா இழுத்துட்டுப் போங்க." பொன்னுருவி போனைப் பிடுங்கி, "எனக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். "எனக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் நெனச்சேன் பொன்னுருவி" என்று கோகிலவாணி சொன்னதும் போனை ஜெசிந்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீரகத்தைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

கோகிலவாணியின் வலது நுரையீரலில், மறுநாள் மதியம் எடுத்த எக்ஸ்ரே படத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்திட்டு தெரிந்தது.

"காசநோய். ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்" என்றார் அரசு மருத்துவமனை டாக்டர், நடுத்தர வயதுப் பெண்மணி. "சாயங்காலக் காய்ச்சல் இல்லையா? அசதி?"

"எதுவுமில்லீங்க."

"எடை?"

ஆறு கிலோ குறைந்திருந்தது. இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்று ஆய்வகத்தில் சொன்னதற்கு அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். காலையில் வரும் இரண்டு இருமலை அவிநாசி ரோட்டுத் தூசி என்று நினைத்திருந்தாள். டாக்டரிடம் சமத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆறு மாசம் மாத்திரை. குணமாயிடும். அந்த அறைப் பக்கம் இனிமே போகாதீங்க. ஒண்ணு சொல்றேன், பயந்துடாதீங்க. அந்தப் புரதம் உடம்பை விட்டுப் போனதும் உங்களுக்குக் காய்ச்சல் தெரிய ஆரம்பிக்கும். தெரியட்டும். அதுக்காகத்தான் நான் காத்துட்டிருப்பேன்."

வீட்டில் கணவன் தண்டபாணிக்கும் பதினேழு வயது மகள் மேகலைக்கும் சோதனை செய்தார்கள். அவனுக்கு எதுவுமில்லை. மேகலைக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி தொற்றியிருந்தது, தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு மேகலை, "பரவால்லம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் கோகிலவாணியை உடைத்தது. ஒரு வருடமாகக் காய்ச்சல் வந்திருந்தால் தனித்துப் படுத்திருப்பாள். மகளை அணைத்துக்கொண்டு தூங்கியிருக்க மாட்டாள்.

தண்டபாணி மின்வாரியத்துக்காரன், அதிகம் பேசாதவன். கொல்லைப்பக்கக் கட்டிலில் அவளுக்குத் தனியாகப் படுக்கை விரித்துக்கொண்டே சொன்னான்: "மூணு வருசமா ஒரு தும்மல்கூட இல்ல. நீ இரும்புன்னு ஆபீஸ்ல பெருமையடிச்சுட்டிருந்தேன் கோகிலா. ஒரு நாளும் தொட்டுப் பார்க்கல. தொட்டிருந்தாலும் ஜில்லுன்னுதான் இருந்திருக்கும், என்னங்கறே?"

அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போனாள்.

இதற்கிடையில், ரத்தச் சோதனைக்கு மறுநாள் காலையிலேயே, அவள் சதானந்தத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். மாற்றுக் குப்பிகள் நாற்பதும் பெட்டியில் அடுக்கித் தயாராக இருந்தன. அவள் கையெழுத்துத்தான் பாக்கி.

"போட மாட்டேன் சார்."

"லேபிள்ல எழுதியிருக்கோம். அதை மீறினது அவங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, லேபிளை விடுங்க. நீங்க பார்த்த பொண்ணுங்கள்ல யாராவது கஷ்டப்பட்டாங்களா? வலிக்குதுன்னு ஒருத்தியாவது சொன்னாளா? காலம்பூரா காய்ச்சலோட வேலை செஞ்சவங்கதான் அவங்க. இப்ப காய்ச்சல் இல்லாம செய்யறாங்க. அதைத் திருப்பிக் குடுக்கணும்ங்கறீங்களா?"

அந்தக் கேள்வி நியாயமானதாகத்தான் அவளுக்கும் பட்டது. முதல்நாள் பொன்னுருவியின் முகத்தைப் பார்த்திருக்காவிட்டால் தடுமாறியிருப்பாள்.

"முன்னெல்லாம் காய்ச்சல்னா மேஸ்திரி திட்டிட்டாவது வீட்டுக்கு அனுப்புவான் சார். இப்ப திட்டவும் வேண்டியதில்ல. பொணம் விழற வரைக்கும் மிஷின் ஓடும். ஒண்ணு விழுந்திருச்சு."

"நீங்க போடலைன்னா நான் போட்டுக்கறேன்." பேனாவை எடுத்தார். அவள் சோதனைத் தாளை அவர் முன்னால் வைத்தாள். ஏழு எண்கள். அவர் விரல் கடைசி எண்ணில் நின்றது.

"இது யாரோடது?"

"என்னோடது."

பேனா அப்படியே நின்றது. "நீங்க... மூக்குல அடிச்சுக்கிட்டீங்களா?"

"நான் எடை போட்டேன் சார். தூள் அறையில. நீங்களும் வாரத்துக்கு ரெண்டு நாள் அங்கதான இருக்கீங்க?"

வெளியே யாரோ வண்டியில் பெட்டி ஏற்றும் சத்தம் கேட்டது. சதானந்தம் மெதுவாகப் பேனாவை மூடினார். "எல்லாருக்கும் எடுத்துப் பாருங்க" என்றார்.

ஆய்வகத்தில் பதினோரு பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு மஞ்சள் ஏறியது. அன்றே சமத்துத் தயாரிப்பு நின்றது. விற்ற குப்பிகளையெல்லாம் திருப்பிக் கேட்டுக் கடிதங்கள் போயின. கோகிலவாணி எழுதிய அறிக்கையைச் சதானந்தம் ஒரு வார்த்தை திருத்தாமல் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். தன் ரத்தத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டாம் முறை அவர் சிரித்துக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன் கோகிலவாணி" என்றார்.

மூன்று வாரம் கழித்து அந்த ஆடை நிறுவனத்தில் விசாரணை நடந்தது. குப்பிகளை அடையாளம் காட்டக் கோகிலவாணியையும் வரச்சொல்லியிருந்தார்கள். மாத்திரை தொடங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் முகமூடி போட்டுக்கொண்டே போனாள். தினமும் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பாள். நெஞ்சில் அத்தனை பெரிய புண்ணை வைத்துக்கொண்டு, எப்போதும் அதே தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. தூளாகவே நெஞ்சுக்குள் படிந்தது, ஸ்ப்ரேயைவிட மெதுவாகத்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தையல் கூடத்தில் பாதி மிஷின்கள் சும்மா நின்றன. மருந்து நின்ற முதல் வாரத்திலேயே எழுபது எண்பது பேர் ஒன்றாகப் படுத்துவிட்டார்கள். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிலருக்குப் பழைய சளி, சிலருக்கு என்னவென்றே தெரியாத வலி. வேலைக்கு வந்திருந்தவர்கள் கோகிலவாணியை வரவேற்கவில்லை. ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்: "நல்லா இருந்தோம். இந்தம்மா வந்துதான் எல்லாத்தையும் நிறுத்திப்புடுச்சு."

விசாரணை அதிகாரி மேலாளர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். உங்களுக்கு ஏதாவது மருந்து கொடுத்தார்களா? இல்லைங்க. மூக்கில் அடிக்கிற மாதிரி? தெரியாதுங்க. ஜெசிந்தா உண்மையைச் சொன்னாள். ஆனால் அவள் வேலையைவிட்டு நீக்கப்பட்டவள், கோபத்தில் சொல்கிறாள் என்றார் மேலாளர். புகார்க் கடிதமும் ஒரு புது ஆள் புரியாமல் எழுதியது என்றார். முப்பது பேர் வந்து போனார்கள். முப்பது பேரும் இல்லை என்றார்கள்.

முப்பத்தோராவதாகப் பொன்னுருவி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இடுப்பில் கட்டு.

"குடுத்தாங்க சார்" என்றாள். "ரெண்டு வருஷமா குடுத்தாங்க. நல்ல மருந்து. இப்பக் குடுத்தாலும் வாங்கிக்கணும்னுதான் தோணும், பொய் சொல்ல மாட்டேன். படுக்கையில கெடந்தப்ப அதைத்தான் நெனச்சேன், ஒரே ஒரு தரம் அடிச்சா வலி போயிடுமேன்னு."

"பிறகு ஏன் சொல்கிறாய்?" என்று அதிகாரி கேட்டார்.

"செண்பகத்துக்காக. முன்னெல்லாம் ஒருத்தி முகம் வாடியிருந்தா நாங்களே கழுத்துல கை வெச்சுப் பாப்போம் சார். போயிப் படுடி, உன் பங்குத் துணியையும் நான் தைச்சு முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லுவோம். மருந்து வந்த பிறகு யாரும் யாரையும் தொட்டதில்ல. அவ பத்து நாள் என் பக்கத்துல உக்காந்திருந்தா. எனக்குத் தொட்டுப் பாக்கணும்னு தோணவே இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஒருத்தியின் வாக்குமூலம் போதாது என்று மேலாளர் மெதுவாக நினைவூட்டினார். உணவு நேரம் வந்தது.

கோகிலவாணி உணவுக்கூடத்தின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொன்னுருவி தட்டோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடலியாக்கா?"

"பிடிக்கல பொன்னுருவி. காலையில இருந்தே ஒரு மாதிரி இருக்கு. இங்க ஏசி போட்டிருக்காங்களா? குளிருது."

"ஏசியா? ஃபேனே ஓடலியே." பொன்னுருவி தட்டை வைத்துவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு புறங்கையைக் கோகிலவாணியின் கழுத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்குச் சுடுது."

"நெஜமாவா?"

"அனலாக் கொதிக்குதுக்கா."

கோகிலவாணிக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக வலித்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பாரமாக இருந்தது. தன்னுடைய உடம்பு எங்கோ தூரத்துக்குப் போயிருந்துவிட்டு வீடு திரும்பியதுபோல இருந்தது. பற்கள் கிட்டிக்கொள்ள, "இது நான் செஞ்ச மருந்துதான்" என்றாள். "எனக்கும் தெரியாம மூணு வருஷம் உள்ள போயிருக்கு. நெஞ்சுல டிபி. எம் பொண்ணுக்கும் ஒட்ட வெச்சுட்டேன்."

அதைக் கூடத்திலிருந்த எல்லோரும் கேட்டார்கள். காலையில் அவளை ஏசியவள்தான் முதலில் எழுந்து வந்தாள். வெட்டுப் பிரிவிலிருந்து தைக்காத பருத்தித் துணிச்சுருள் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் அவளைப் படுக்கவைத்து, இரண்டு மடிப்பாகப் போர்த்தினாள். தன் கையையும் ஒருமுறை அந்தக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்றிருந்தவளின் கழுத்தில் வைத்தாள்.

"உனக்கும் சுடுதுடி" என்றாள். "ஏன் சொல்லல?"

யாரோ வெந்நீர் கொண்டுவரப் போனார்கள். பொன்னுருவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நடுக்கத்துக்கு நடுவே கோகிலவாணிக்குக் காலடிச் சத்தங்கள் கேட்டன. ஒருவர் பின் ஒருவராக மேலாளர் அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்காக மூடி வைத்த பேனாவை அதிகாரி மறுபடி திறந்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியாக அவர் குரல் வந்தது, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.